உடன்பிறந்தவரை இழந்த பிள்ளைக்கு ராத்திரித் தூக்கம்: வீட்டில் எங்கிருந்து தொடங்குவது?

#1 ஆலமரத்தடி (பள்ளி ஆலோசகர்)

2ஆம் வகுப்புப் பிள்ளை, 7 வயது. 11 வயது அண்ணன் கிணற்றில் மூழ்கி இறந்து ஏழு வாரம் ஆகிறது. பகலில் விளையாடுகிறாள், சாப்பிடுகிறாள், "தேறிட்டா" என்று வீட்டில் சொல்கிறார்கள். பிரச்சினை எல்லாம் ராத்திரிதான். 9 மணிக்குப் படுத்தால் 11.30 வரை "தண்ணி வேணும்", "ஒண்ணுக்கு வருது", "வயிறு வலிக்குது". அசந்த பிறகும் இரண்டு மூன்று தடவை எழுந்து அம்மாவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்க்கிறாள். மூன்று வாரமாகப் பாயிலேயே சிறுநீர் போகிறது. சில நாள் அலறல். காலை 6.30க்கு எழுப்ப வேண்டும், பள்ளியில் தூங்கி வழிகிறாள்.

ஒரே அறை வீடு. நாலு பேரும் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்தவர்கள். நான் படித்த அறிவுரை எல்லாம் "குழந்தையின் அறையில்" என்று ஆரம்பிக்கிறது. இங்கே அந்த அறையே கிடையாது. வியாழக்கிழமை வீட்டுக்குப் போகிறேன். என்ன சொல்லட்டும்? படிப்படியாக வேண்டும்.

#2 உறக்க_உளவியல் (மருத்துவ உளவியலாளர்)

இதைத் தூக்கக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு நேரே தூக்கத்தைச் சரிசெய்யப் போனால் இரண்டு வாரத்தில் வீடே சோர்ந்துவிடும். மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிற பிள்ளை காவல் இருக்கிறது. அந்தக் காவலை யாராவது கையிலிருந்து வாங்கிக்கொள்ளும்வரை தூங்காது.

விழித்திருப்பதற்கு இன்னும் சில காரணங்கள் உண்டு. தூங்கினால் நாமும் செத்துவிடுவோம் என்ற பயம், பார்த்த காட்சி கண்ணை மூடினால் திரும்ப வருவது, ராத்திரி பக்கத்தில் படுத்திருந்த ஆள் இல்லாமல் போனது, "நான்தான் காரணம்" என்ற எண்ணம். ஒரே பிள்ளைக்கு இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். எது என்று தெரியாமல் வைத்தியம் செய்ய முடியாது. அதனால் முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள், எழுதி மட்டும் வைக்கச் சொல்லுங்கள். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும்: விளக்கை அணைத்த நேரம், உண்மையில் தூங்கிய நேரம், எழுந்த நேரங்கள், எழுந்ததும் சொன்ன முதல் வார்த்தை, காலையில் எழுந்த நேரம், பகல் தூக்கம், மாலை குடித்தது. அந்த "முதல் வார்த்தை" வரிசையில்தான் விடை கிடைக்கும். "அம்மா" என்று கூப்பிட்டு எழுவதும் "தண்ணி" என்று அலறி எழுவதும் வேறு வேறு.

வியாழக்கிழமையே கேட்டுவிட வேண்டியவை: உடலை மேலே எடுத்தபோது இவள் பார்த்தாளா? என்ன நடந்தது என்று இவளுக்கு யார், எந்த வார்த்தையில் சொன்னார்கள்? அந்தக் கிணற்றுக்கு மூடி போட்டாயிற்றா?

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக விடாதீர்கள். கிணறு இன்னும் திறந்து கிடந்தால் அந்தப் பயம் மனநோய் இல்லை, நியாயமான பயம். இரும்புக் கிராதியோ கம்பி வலையோ போட்டு, பகலில் அவளைக் கூட்டிப்போய் அவள் கையாலேயே அசைத்துப் பார்க்க விடுங்கள்.

#3 சமூகப்பணி_கடலூர்

#2 சொன்ன "எந்த வார்த்தையில்" என்பதைக் கொஞ்சம் விரிக்கிறேன், ஏன்னா துக்க வீட்டுல பெரியவங்க மனசு நோகக் கூடாதுன்னு சொல்றதுதான் பிள்ளைக்கு ராத்திரி எமனா வருது. "அண்ணன் தூங்குறான்", "கண்ண மூடிட்டான்", "சாமி கூட்டிக்கிச்சு, நல்ல பிள்ளைங்களத்தான் கூட்டிக்கும்". 5 வயசுக்குக் கீழ இருக்கறது இதை அப்படியே எடுத்துக்கும், அண்ணன் திரும்பி வருவான்னு காத்துக்கிட்டு இருக்கும். 7, 8 வயசுல திரும்ப வரமாட்டான்னு புரிய ஆரம்பிக்கும், ஆனா நாம நினைச்சா நடக்கும்ங்கற நம்பிக்கையும் கூடவே இருக்கும். "நல்ல பிள்ளையா இருந்தா சாமி கூப்பிடும்"னா, கண்ண மூடுறதுக்கு எந்தப் பிள்ளைக்குத் துணிச்சல் வரும்?

சொல்ல வேண்டியது இவ்வளவுதான், பகல்ல, அம்மா இல்லைன்னா அப்பா வாயால: "அண்ணன் தண்ணிக்குள்ள மூச்சு விட முடியாம செத்துப்போயிட்டான். செத்துப்போனா உடம்பு வேலை செய்யாது, வலிக்காது, குளிராது, பசிக்காது, திரும்பி வரமாட்டான். தூக்கம் வேற. தூங்குறப்போ நெஞ்சு அடிச்சிக்கிட்டே இருக்கும், மூச்சு போய்வந்துக்கிட்டே இருக்கும், காலைல முழிப்பு வரும்." தூங்குற அப்பா நெஞ்சுல பிள்ளை கைய வச்சுக் காட்டலாம். "செத்துப்போயிட்டான்"னு பச்சையா சொல்ல வீட்டுல தயங்குவாங்க. கூட உட்கார்ந்து ஒரு தடவை சொல்லிப் பார்க்க வையுங்க. ஒரு தடவை சொன்னா போதாது, பிள்ளை அதே கேள்வியைப் பத்து நாள் கேக்கும், பத்து நாளும் அதே பதில்.

அடுத்தது அந்த அறை. மாலை போட்ட படம், சுத்தி சீரியல் பல்பு, கீழ அணையா விளக்கு, எல்லாம் பாய்க்கு நேர் எதிர்ல இருக்கும். ராத்திரி முழுக்க அந்த வெளிச்சம் சிமிட்டிக்கிட்டே இருந்தா பெரியவங்களுக்கே தூக்கம் வராது. படத்தை எடுக்கச் சொல்லாதீங்க, அம்மா உடைஞ்சு போயிடுவாங்க. பிள்ளை படுத்தா கண்ணுல படாத சுவருக்கு மாத்தலாமான்னு கேளுங்க. சீரியல் பல்பைப் படுக்குற நேரத்துல அணைக்கச் சொல்லுங்க. அதையே சடங்கா ஆக்கலாம்: பிள்ளை போய் "அண்ணா, தூங்கப் போறேன்"னு சொல்லிட்டு அதுவே ஸ்விட்சை அணைக்கட்டும். 2, 3 நிமிஷம், தினமும் ஒரே மாதிரி.

இன்னொண்ணு, தெருவுல "அகால மரணம், ஆவி சுத்தும்"னு பேசுறது. பிள்ளை காதுபடப் பேசாதீங்கன்னு பாட்டிகிட்டயும் பக்கத்து வீட்டுலயும் அப்பா நேராவே சொல்லணும். ஆலோசகர் சொன்னா எடுபடாது.

#4 குழந்தைநலம்_மதுரை (குழந்தை மருத்துவர்)

துக்கம் என்று எல்லாவற்றையும் துக்கத்தின் மேல் போட்டுவிடாதீர்கள். ஒரு தடவையாவது குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

6 மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை திரும்ப நனைத்தால், துக்கம் காரணமாக இருக்கலாம். ஆனாலும் சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை, சிறுநீர்த்தொற்று இரண்டையும், அதோடு மலச்சிக்கலையும் பார்த்துவிட வேண்டும். அதிகத் தாகம், எடை குறைவு, அடிக்கடி சிறுநீர் இருந்தால் அன்றைக்கே ரத்தச் சர்க்கரை பாருங்கள். மலச்சிக்கல் ரொம்பப் பேருக்குத் தெரியாத காரணம்: நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும். துக்க வீட்டில் வாரக்கணக்கில் பிஸ்கட், பன், டீ என்று ஓடியிருக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியது: பகலில் தண்ணீர் தாராளம், படுப்பதற்கு 2 மணி நேரம் முன்பிருந்து குறைவு, படுக்கும் முன் இரண்டு தடவை (சடங்கின் ஆரம்பத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று) சிறுநீர் கழிக்க விடுவது. பாய்க்கு மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் பழைய பருத்திப் புடவை நாலு மடிப்பு. மாற்றுத்துணி கை எட்டும் இடத்தில். நனைந்தால் பேச்சே வேண்டாம், இரண்டு நிமிடத்தில் மாற்றிவிட்டுப் படுக்க வேண்டும். உறவினர் முன்னால் "இன்னும் பாயில போறா" என்று சொல்வது அடிப்பதற்குச் சமம்.

குறட்டை, வாய் திறந்து தூங்குவது, மூச்சு நின்று நின்று வருவது இருந்தால் அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை), டான்சில் பார்க்க வேண்டும். காலை உதறிக்கொண்டே இருந்தால், தூக்கத்தில் உருண்டுகொண்டே இருந்தால் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடம்பில் சேமித்துள்ள இரும்புச்சத்தின் அளவு) பாருங்கள். ஃபெரிட்டின் 50 ng/mLக்குக் கீழ் என்றால் இரும்புச்சத்து பற்றி மருத்துவரோடு பேசலாம். காய்ச்சல், தொற்று இருக்கும்போது ஃபெரிட்டின் ஏறிக் காட்டும், அப்போது எடுத்த அளவை நம்ப முடியாது.

கடைசியாக, சளி மருந்து. "ரெண்டு மில்லி கொடுத்தா நல்லா தூங்குது" என்பது எல்லா ஊரிலும் இருக்கிறது. வேண்டாம். அந்த மயக்கம் நல்ல தூக்கம் இல்லை. சில பிள்ளைகள் அதைக் குடித்துவிட்டு இன்னும் துள்ளும். இப்படிப்பட்ட மருந்துகளில் வரும் புரோமெத்தசின் 2 வயதுக்குக் கீழ் மூச்சையே அடக்கிவிடும். குளோர்பெனிரமின், ஃபினைல்எஃப்ரின் சேர்ந்த சளி மருந்துக் கலவையை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டிருக்கிறது. அம்மாவுக்கு எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையில் கால் பங்கு பிள்ளைக்கு என்பதும் நடக்கிறது. அந்த அட்டை பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும். மாத்திரை போட்ட அம்மா பக்கத்தில் கைக்குழந்தை படுக்கக் கூடாது.

மெலடோனின் (தூக்க ஹார்மோன்) மாத்திரை? முதல் கட்டத்தில் தேவையில்லை. கடையில் தானாக வாங்கிக் கொடுப்பதற்கான பொருளும் இல்லை.

#5 யாழ்_தாதி

அலறல் எண்டு முதல் பதிவில எழுதியிருக்கிறீங்கள். அது எந்த நேரம் எண்டு கட்டாயம் குறிச்சு வையுங்கோ, ஏனெண்டா ரெண்டு வேற விசயம் இருக்கு, செய்யவேண்டியதும் நேர்மாறு.

படுத்து ஒண்டரை, ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள, ஆழ்ந்த நித்திரையில இருந்து கத்தி எழும்பினா அது இரவுத் திகில். கண் திறந்திருக்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், ஆனா உங்களை அடையாளம் தெரியாது. கட்டிப்பிடிச்சா இன்னும் உதறும். எழுப்பக் கூடாது, தண்ணி தெளிக்கக் கூடாது, "என்ன கண்டனி?" எண்டு கேக்கக் கூடாது. பக்கத்தில இருந்து சுவரில, படியில அடிபடாமல் பாத்தால் போதும். 5, 10 நிமிசத்தில தானே அடங்கும். விடிய ஒண்டும் ஞாபகம் இராது. பாக்கிற ஆக்களுக்குத்தான் அது பேய் பிடிச்ச மாதிரி. துக்கம் நடந்த வீட்டில மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போறதும் இதுக்குத்தான்.

விடியப்புறம் 3, 4 மணிக்குப் பிறகு அழுது எழும்பி, அம்மாவைத் தேடி, கனவைச் சொல்லத் தெரிஞ்சா அது கெட்ட கனவு. அதுக்கு அணைக்க வேணும், வெளிச்சம் போட வேணும், "இது வீடு, நான் இருக்கிறன்" எண்டு சொல்ல வேணும். கனவை அந்த நேரத்தில கிண்ட வேண்டாம், பகலில பாப்பம்.

இரவுத் திகில் ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துக்கு வந்தா, அதுக்கு 15 தொடக்கம் 30 நிமிசம் முந்தி மெல்லத் தட்டி, கண் திறக்கிற அளவுக்கு மட்டும் எழுப்பி, திரும்பப் படுக்க விடுங்கோ. 2 தொடக்கம் 4 கிழமை (வாரம்) செய்யுங்கோ. நேரம் மாறி மாறி வந்தா இது சரிவராது. நித்திரை குறைஞ்ச பிள்ளைக்குத் திகில் கூடும், அதால முதல் மருந்து போதுமான நித்திரைதான்.

#6 ஆலமரத்தடி

பயனுள்ள பதில்கள். உடலை எடுத்தபோது இவள் அங்கேதான் இருந்திருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இரண்டு சந்தேகம். ஒன்று, அம்மாவை ஒட்டிப் படுப்பதை நிறுத்த வேண்டுமா? இரண்டு, 9க்குப் படுக்க வைத்து 11.30 வரை போராடுவதற்கு வழி என்ன?

#7 உறக்க_உளவியல்

ஒட்டிப் படுப்பதை இப்போது நிறுத்தவே வேண்டாம். பாய் விரித்துச் சேர்ந்து படுப்பது இந்த வீட்டின் வழக்கம், அதில் கோளாறு ஒன்றும் இல்லை. தனி அறைக்கு மாற்றுவது இந்தக் குடும்பத்துக்கு இலக்கே இல்லை. "அம்மா சேலையைப் பிடித்துக்கொள்ளாமல், அம்மாவுக்குக் காவல் இருக்காமல் தூங்குவது" என்பதுதான் இலக்கு.

காவலை வாங்குவது இப்படி. அப்பா பகலில் சொல்ல வேண்டும்: "ராத்திரி அம்மாவைப் பார்த்துக்கிறது என் வேலை. உன்னையும் நான்தான் பார்ப்பேன். படுத்து அஞ்சு நிமிஷத்துல ஒரு தடவை வந்து நெத்தியத் தொடுவேன், பத்து நிமிஷத்துல இன்னொரு தடவை." பிள்ளை தேடி எழுவதற்கு முன்னால் பெரியவர் போய்ப் பார்ப்பதுதான் இதன் சூட்சுமம். சொன்ன நேரத்துக்கு ஒரு நாள் வராவிட்டாலும் மறுநாள் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். நான்கைந்து நாளில் 5, 15 என்று இடைவெளியைக் கூட்டலாம். அம்மா அழுவதை மறைக்க வேண்டாம். "எனக்கு அண்ணன் ஞாபகம் வந்துச்சு, அழுதேன். உடம்புக்கு ஒண்ணும் இல்லை" என்று சொன்னால் போதும். காரணம் தெரியாத அழுகைதான் பிள்ளையை எழுப்பி உட்கார வைக்கிறது.

அண்ணன் படுத்த இடம் காலியாகக் கிடக்கும். யாரும் முடிவு செய்யாமல் பிள்ளையிடமே கேளுங்கள்: அப்பா அங்கே படுக்கட்டுமா, தலையணை வைக்கட்டுமா, அப்படியே இருக்கட்டுமா? அண்ணனின் சட்டை ஒன்றைப் பிள்ளை கேட்டால் துவைக்காமல் கொடுங்கள், அந்த வாசனைக்குத்தான் கேட்கிறாள். அது நைந்துபோகும் முன் இன்னொரு சட்டையை ஜிப் கவரில் போட்டு எடுத்துவைக்கச் சொல்லுங்கள். அண்ணன் உடைகளை எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் யாருக்காவது கொடுத்துவிட்டால் பிள்ளை அடுத்து நம் சாமான்தான் என்று நினைக்கும்.

நேரக் கணக்கு: 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். 11.30 முதல் 6.30 வரை 7 மணி நேரம்தான் கிடைக்கிறது. ஆனால் 9க்குப் படுக்க வைத்தால் இரண்டரை மணி நேரம் இருட்டில் கிணற்றை நினைத்துக்கொண்டு கிடக்கிறாள், பாய் என்றாலே பயம் என்று பழகிவிடுகிறது. அதனால் எழும் நேரத்தை 6.30ல் அசையாமல் நிறுத்துங்கள், ஞாயிற்றுக்கிழமையும்தான். படுக்கும் நேரத்தை அவள் உண்மையில் தூங்கும் நேரத்துக்கே தள்ளுங்கள், அதாவது 11.30. அங்கே 20 நிமிடத்துக்குள் தூங்கினால் மூன்று ராத்திரிக்கு ஒரு தடவை 15 நிமிடம் முன்னால் கொண்டுவாருங்கள். 9 மணி வர பத்துப் படி, சுமார் ஒரு மாதம்.

#8 சமூகப்பணி_கடலூர்

இங்க எனக்கு உடன்பாடு இல்லை. ஏழு வாரத் துக்கத்துல இருக்குற பிள்ளையை 11.30 வரைக்கும் உட்கார வைக்கறதா? அந்த வீட்டுல எல்லாரும் 10 மணிக்கே ஓய்ஞ்சுடுவாங்க. நடைமுறைல பிள்ளை கையில போனைக் கொடுத்துட்டு மத்தவங்க தூங்கிடுவாங்க.

#9 உறக்க_உளவியல்

நியாயமான கேள்வி, இந்த முறை பெரும்பாலும் தோற்பதும் அங்கேதான். பயமே முதல் காரணமாக இருக்கும் பிள்ளைக்கு முதல் இரண்டு வாரம் 10.15ல் வைத்துக்கொண்டு, #7ல் சொன்ன காவல் மாற்றத்தை மட்டும் செய்யலாம். அது பிடித்த பிறகு 15 நிமிடப் படி. கூடுதல் நேரத்தில் மங்கிய வெளிச்சத்தில் கை வேலை: பூ கட்டுவது, படம் வரைவது, தாயம். திரை கூடாது. பள்ளிவிட்டு வந்து 4 மணிக்கு ஒரு மணி நேரம் தூங்கிவிட்டால் ராத்திரிக் கணக்கு மொத்தமும் போச்சு. தாங்கவே முடியாவிட்டால் 3 மணிக்கு முன் 20 நிமிடம். மாலை 4க்கு மேல் டீ, காபி வேண்டாம். துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்குப் போடும் டீயில் ஒரு டம்ளர் பிள்ளைக்கும் போவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

படுக்கும் முன் 30 நிமிடம், தினமும் ஒரே வரிசை: முகம் கை கால் கழுவி, சிறுநீர், துணி மாற்றம், அண்ணனுக்குச் சொல்லிவிட்டு விளக்கணைப்பு, ஒரு கதை, திரும்பச் சிறுநீர், பாய். வரிசைதான் முக்கியம், கதை என்ன என்பது இல்லை.

மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கச் சொல்வார்கள். மூழ்கிய மரணம் நடந்த வீட்டில் அவசரப்படாதீர்கள், மூச்சில் கவனம் வைத்தாலே சில பிள்ளைகளுக்கு அந்த நினைவு கிளம்பும். அதற்குப் பதில் தசை: கையில் எலுமிச்சம்பழம் இருப்பதாக 5 விநாடி இறுக்கிப் பிழிந்து 10 விநாடி தொங்கவிடுவது. கை, தோள், வயிறு, கால் என்று ஒவ்வொன்றும் மூன்று தடவை.

#10 யாழ்_தாதி

"தண்ணி, ஒண்டுக்கு, வயித்துவலி" எண்டு எழும்புற பிள்ளையளுக்கு அட்டை முறை ஒண்டு இருக்கு. ரெண்டு அட்டை குடுக்கிறது, ஒவ்வொரு தேவைக்கும் ஒண்டு, மிஞ்சின அட்டைக்கு விடிய என்ன சாப்பாடு எண்டு பிள்ளை சொல்லலாம். 3 தொடக்கம் 10 வயசுக்கு நல்லா வேலை செய்யும்.

#11 உறக்க_உளவியல்

ஆமாம், ஆனால் சாக்குச் சொல்கிற பிள்ளைக்கு. நடுங்குகிற பிள்ளையிடம் "அட்டை தீர்ந்துபோச்சு, இனிக் கூப்பிடாதே" என்று சொல்ல முடியாது. இவளுக்கு முதல் மாதம் வேண்டாம். காவல் தணிந்த பிறகும் தண்ணீர்ப் பல்லவி தொடர்ந்தால் அப்போது எடுக்கலாம்.

கெட்ட கனவுக்கு, பகலில் 15 நிமிடம்: கனவை வரையச் சொல்லுங்கள், மிகக் கொடூரமான கனவில் ஆரம்பிக்காமல் நடுத்தரமான ஒன்றில். "இதை எப்படி மாத்தலாம்?" என்று கேட்டு, மாற்றத்தை அவளே சொல்ல விடுங்கள். கிணற்றில் தண்ணீருக்குப் பதில் பஞ்சு நிறைந்திருக்கலாம், அவளுக்கு இறக்கை முளைக்கலாம். அண்ணனைக் காப்பாற்றுகிற முடிவை நாமாகத் திணிக்கக் கூடாது, "நான் காப்பாத்தியிருக்கலாம்" என்ற குற்ற உணர்வுக்கு அது எண்ணெய் ஊற்றும். அவளே சொன்னால் கேட்டுக்கொண்டு, "நிஜத்துல சின்னப் பிள்ளையால அது முடியாது" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். புதுப் படத்தையும் வரைந்து, தினமும் மாலை 5, 10 நிமிடம் மனதுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். 6, 7 வயதுக்கு மேல் செய்யலாம். படுக்கையில் செய்வதில்லை.

கவலைக்கும் அப்படியே. மாலை 6.30க்கு 15 நிமிடம், ஒரு பழைய டப்பா, சீட்டில் எழுதியோ வரைந்தோ போடுவது. ராத்திரி வந்தால் "டப்பாவுக்கு, நாளைக்குப் பார்ப்போம்". மறுநாள் பெரியவர் டப்பாவைத் திறக்க மறந்தால் இந்த முறை செத்துவிடும்.

#12 சமூகப்பணி_கடலூர்

குற்ற உணர்வைத் தோண்டுறப்போ நேருக்கு நேர் உட்கார வச்சுக் கேக்காதீங்க, வாயே திறக்காது. மொச்சை உரிக்கும்போது, துணி மடிக்கும்போது பக்கத்துல உட்கார்ந்து: "சில பிள்ளைங்க அண்ணன்கூட சண்டை போட்டு 'செத்துப்போ'ன்னு திட்டியிருப்பாங்க, அதனாலதான் செத்துட்டான்னு நினைச்சுக்குவாங்க. திட்டினா யாரும் சாகமாட்டாங்க." அவ்வளவுதான். பதில் வரலைன்னாலும் காதுல விழுந்திருக்கும்.

இன்னும் ஒண்ணு, "மாறுதலா இருக்கட்டும்"னு பிள்ளையைச் சித்தி வீட்டுக்கு அனுப்புறது. அண்ணன் போனான், இப்ப என்னையும் அனுப்புறாங்கன்னுதான் அதுக்குப் படும். அனுப்பித்தான் ஆகணும்னா அம்மாவோ அப்பாவோ கூடப் போகணும்.

#13 மேல்நிலை_ஆசிரியர்

இதோடு சேர்ந்த கேள்வி. 10ஆம் வகுப்பு மாணவன், தங்கை ரத்தப் புற்றுநோயில் இறந்து ஐந்து மாதம். ராத்திரி 2 மணி வரை போனில் தங்கையின் வீடியோ. வீட்டில் பிடுங்கினால் சண்டை. அரசுத் தேர்வு ஆண்டு வேறு.

#14 குழந்தைநலம்_மதுரை

போனைப் பிடுங்க வேண்டாம். அதில் இருப்பது அவன் தங்கை. வீடியோக்களைக் கணினியிலோ பென்டிரைவிலோ இன்னொரு பிரதி எடுத்துக் கொடுங்கள், தொலைந்துவிடும் என்ற பதற்றம் குறையும். பார்க்கிற நேரத்தை மாலைக்கு மாற்றி, வீட்டில் யாராவது கூட உட்கார்ந்து அரை மணி நேரம் பார்க்கலாம். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன் போன் அறைக்கு வெளியே சார்ஜில், அப்பா அம்மா போனும் அங்கேயே. 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். விடுமுறை நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்க விட்டால் திங்கட்கிழமை மறுபடி 2 மணிதான். நள்ளிரவுப் படிப்பை நிறுத்திக் காலைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

நீண்ட நோய்க்குப் பிறகு வரும் துக்கம் வேறு மாதிரி. மாதக்கணக்கில் வீடு ஆஸ்பத்திரியைச் சுற்றியே ஓடியிருக்கும், இவன் ஓரமாக நின்றிருப்பான். "எனக்கும் அந்த நோய் வருமா?" என்று கேட்காமலே பயந்துகொண்டிருப்பான். தங்கைக்கு மருத்துவம் பார்த்தவரே ஒரு தடவை அவனுக்கு நேராக விளக்கினால் நல்லது. ஸ்வீடனில் புற்றுநோயால் உடன்பிறந்தவரை இழந்து 2 முதல் 9 ஆண்டு ஆனவர்களை ஆராய்ந்தபோது, இழப்பில்லாதவர்களை விடப் படுத்ததும் தூக்கம் வராத சிக்கல் அவர்களிடம் அதிகம் தெரிந்தது. பதற்றம், மனச்சோர்வு அளவுகளில் வித்தியாசம் தெரியவில்லை. பகலில் "நல்லா இருக்கான்" என்று தெரிவதை வைத்து விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அவனிடம் நேராகக் கேளுங்கள்: "தங்கச்சிகிட்டயே போயிடலாம்னு தோணுதா? செத்துடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரை எல்லாம் எட்டாத இடத்துக்கு. அன்றைக்கே மனநல மருத்துவர்.

#15 ஆலமரத்தடி

7 வயதுப் பிள்ளையை எப்போது நிபுணரிடம் அனுப்ப வேண்டும்? ஆறு மாதம் வரை பொறுக்கலாம் என்று ஒருவர் சொன்னார்.

#16 உறக்க_உளவியல்

நீடித்த துக்கக் கோளாறு என்று பெயர் வைப்பதற்குத்தான் அந்த ஆறு மாதம். உதவிக்கு அனுப்ப ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. இவள் உடலை நேரில் பார்த்திருக்கிறாள். பகலிலும் காட்சி திரும்ப வருகிறது, குளிக்க மறுக்கிறாள், கிணற்றுப் பக்கமே போகாமல் சுற்றிப் போகிறாள், விளையாடும்போது தண்ணீரில் மூழ்குவதையே திரும்பத் திரும்ப நடித்துக் காட்டுகிறாள் என்றால் இப்போதே அனுப்புங்கள். அதிர்ச்சி கலந்த துக்கத்துக்கு அதற்கென்று அறிவுநடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) இருக்கிறது, பெற்றோரும் சேர்ந்து வர வேண்டும், சுமார் 12 முதல் 25 அமர்வு. அதிர்ச்சி தணியும் முன் "அண்ணனோட நல்ல நினைவுகளைச் சொல்லு" என்று கேட்டால் நல்ல நினைவின் கடைசியிலும் கிணறுதான் வந்து நிற்கும்.

செய்யச் சொன்னதை நான்கு வாரம் ஒழுங்காகச் செய்தும் அசைவில்லை என்றாலும் அனுப்புங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டக் குழு இருக்கும். சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும். தொலைபேசியில் அரசின் மனநல உதவி எண் டெலி மனஸ் 14416, தமிழிலும் பேசலாம். குழந்தைகள் உதவி எண் 1098.

#17 யாழ்_தாதி

இலங்கையில இருந்து வாசிக்கிறவைக்கு: மனநல உதவி 1926, பிள்ளையள் பாதுகாப்பு 1929.

#18 மேல்நிலை_ஆசிரியர்

#13க்கான பதிலுக்கு நன்றி. அந்த 7 வயதுப் பிள்ளைக்குப் பள்ளிப் பக்கம் ஒன்று சேர்க்கிறேன். வகுப்பில் தலை கவிழ்ந்தால் தட்டி எழுப்பாமல், மதியத்துக்கு முன் 20 நிமிடம் ஓய்வறையில் விடலாம், அதற்கு மேல் வேண்டாம். வீட்டுப்பாடத்தைப் பாதியாக்குங்கள், 8 மணிக்கு மேல் செய்ய வேண்டியதாக இருக்கக் கூடாது. அண்ணன் அதே பள்ளியில் படித்திருந்தால் வருகைப் பதிவேட்டில் இன்னும் அவன் பெயர் வாசிக்கப்படுகிறதா என்று பாருங்கள், தங்கை காதில் விழும்.

#19 சமூகப்பணி_கடலூர்

நல்லா வந்துக்கிட்டு இருக்கறது திடீர்னு பழையபடி ஆகும், வீட்டுல முன்கூட்டியே சொல்லி வையுங்க. அண்ணன் பிறந்தநாள், தீபாவளிக்குத் துணி எடுக்குற நேரம், வருஷ திதி, கிணறு நிரம்புற மழைக்காலம். ஒண்ணு ரெண்டு வாரம் முன்னாடியே தூக்கம் ஆட்டம் காணும். நாலு வருஷம் கழிச்சு இவளுக்கே 11 வயசு ஆகுறப்பவும் வரும், அப்ப யாரும் இதை ஞாபகம் வச்சிருக்க மாட்டாங்க. பலரைப் பறிகொடுத்த ஊர்ல இன்னும் கஷ்டம். கும்பகோணத்துல 2004 ஜூலை 16 பள்ளித் தீயில 94 பிள்ளைங்க போனாங்க, ஒவ்வொரு ஜூலையும் டிவில அது திரும்ப வரும். அந்த மாதிரி நாள்ல பிள்ளை இருக்குற அறையில செய்தியைப் போடாதீங்க.

பின்னடைவு வந்தா புதுசா எதுவும் வேண்டாம். படுக்குற நேரத்தை 30 நிமிஷம் தள்ளி, அப்பா நெத்தியத் தொடுறதை மறுபடி 5, 10ன்னு ஆக்கி, ரெண்டு வாரம்.

#20 ஆலமரத்தடி

வியாழக்கிழமை எதை எடுத்துப் போகட்டும்? ஒரே நாளில் எல்லாவற்றையும் சொன்னால் அம்மா தாங்க மாட்டார்.

#21 உறக்க_உளவியல்

கிணற்று மூடி, உண்மையைச் சொல்லும் வார்த்தைகள், ஒரு வாரக் குறிப்பு. முதல் சந்திப்புக்கு இந்த மூன்றுதான். அப்பா வீட்டில் இருக்கும் நேரத்துக்குப் போங்கள், அவரில்லாமல் #7 நடக்காது.

#22 குழந்தைநலம்_மதுரை

சிறுநீர்ப் பரிசோதனைக்கு ஒரு சீட்டு, ஒன்றரை மீட்டர் ரப்பர் ஷீட், ஒரு ஜீரோ பல்பு. பல்பு மஞ்சளோ சிவப்போ வாங்குங்கள், நீலம் வேண்டாம். கால்மாட்டில் தாழ்வாக மாட்டச் சொல்லுங்கள். தலைமாட்டில் போட்டால் சுவரில் விழும் நிழலைப் பார்த்து இன்னொரு பயம் ஆரம்பிக்கும்.